கே.டி. ஹங் துவா: ஒருவர் கேட்டு, ஒருவர் வாங்கி, நாம் ஓட்டிய கப்பல்

கோலாலம்பூரில் எல்.ஆர்.டி.யும் மோனோரயிலும் சந்திக்கிற ஹங் துவா நிலையத்தில் தினமும் எத்தனையோ பேர் ஏறி இறங்குகிறார்கள். அது மலாக்கா வீரனின் பெயர் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதே பெயரில் இரண்டு போர்க்கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நம் கடற்படையில் ஓடின. இரண்டும் செகண்ட் ஹேண்ட். இந்த விஷயம் மட்டும் அதிகம் பேசப்படுவதில்லை. பெயருக்கு முன்னால் வரும் கே.டி. என்பதன் விரிவு 'கப்பால் டிராஜா', அதாவது அரச கப்பல். அந்தக் 'கப்பால்' நம்முடைய கப்பல்தான். சோழமண்டலக் கரையிலிருந்து மலாய் மொழிக்குப் போன சொல்.

முதலில் ஒரு திருத்தம். நம்மவர்கள் பேசும்போது பெரிய போர்க்கப்பல் எதுவானாலும் 'நாசகாரி' என்றுவிடுகிறார்கள். மலேசியக் கடற்படையிடம் நாசகாரி இருந்ததே இல்லை. இரண்டு ஹங் துவாவும் பிரிகேட் வகை. அந்தக் காலத்து நாசகாரி 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்) வேகத்துக்கு மேல் ஓடும், டார்பிடோ சுமக்கும், பெரிய கப்பற்படையோடு சேர்ந்து போகும். பிரிகேட் அதைவிட மெதுவானது. வணிகக் கப்பல்களுக்குத் துணைபோவதும், நீர்மூழ்கியைத் தேடுவதும், ரோந்து சுற்றுவதும் அதன் வேலை. வேகத்துக்காகக் கட்டாத கப்பலில் இயந்திரம் சிறியது, எரிபொருள் செலவு குறைவு, தூரம் அதிகம். பழைய கப்பல் வாங்குகிற சிறிய நாட்டுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம்.

முதல் ஹங் துவாவின் பிறப்புப் பெயர் லோக் இன்ஷ். ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் ஹென்றி ராப் பட்டறை 1944-இல் கட்டியது. போர்க்காலம், கப்பல் பட்டறைகளில் இடமில்லை, ஆளுமில்லை. அதனால் லோக் வகைக் கப்பல்களைத் துண்டு துண்டாக, பாலம் கட்டுகிற இரும்புப் பட்டறைகளில் செய்து கொண்டுவந்து பொருத்தினார்கள். ஒரு துண்டு இரண்டரை டன்னைத் தாண்டக்கூடாது, நீளம் 29 அடியை மிஞ்சக்கூடாது என்று கணக்கு. அப்போதிருந்த கிரேன்களும் லாரிகளும் தாங்கும் அளவு அதுதான். இயந்திரமும் அப்படியே: பாய்லர் இரண்டு, பழைய பாணி பிஸ்டன் நீராவி இயந்திரம் இரண்டு, 20 நாட் அளவுக்குச் சற்றே குறைந்த வேகம். டர்பைன் கியரைக் கடைந்தெடுக்கத் தனிப் பட்டறை வேண்டும். இந்த இயந்திரத்தைச் செய்யப் பல ஊர்களில் ஆள் இருந்தார்கள்.

அந்தக் கப்பல் சும்மா இருந்து வந்ததல்ல. 1945 ஏப்ரல் 29 அன்று, ரஷ்யாவின் கோலா வளைகுடா வாயிலில், ரஷ்யாவுக்குப் பொருள் கொண்டுபோன ஆர்க்டிக் கான்வாய்களின் (துணையோடு போகும் கப்பல் கூட்டங்களின்) கடைசிச் சண்டையில் ஜெர்மன் நீர்மூழ்கி யு-307-ஐ மூழ்கடித்தது லோக் இன்ஷ். அதே நாளில் யு-286 மூழ்கியதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆயுதம் 'ஸ்க்விட்' என்ற மூன்று குழல் மார்ட்டர். லோக் வகையில் இரண்டு ஸ்க்விட். ஒரே நேரத்தில் ஆறு குண்டுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 177 கிலோ, கப்பலுக்கு முன்னால் சுமார் 250 மீட்டரில் போய் விழும். அதற்கு முன்னால் கடலடிக் குண்டைப் பின்பக்கத்திலிருந்துதான் உருட்டிவிட வேண்டும். எதிரியின் தலைக்கு மேல் போகும் நேரத்தில், ஒலியால் நீர்மூழ்கியைத் தேடுகிற சோனார் அதைப் பிடிக்காது. கடைசி நிமிடம் குருட்டு நிமிடம். ஸ்க்விட் முன்னால் வீசியதால் சோனார் பிடி விடாமலே அடிக்க முடிந்தது, குண்டு வெடிக்கவேண்டிய ஆழத்தையும் சோனாரே நேராகக் கொடுத்தது. பனிக்கடலில் அப்படி வேலை பார்த்த அந்த உடல் 1964-இல், இந்தோனேசிய மோதல் உச்சத்தில் இருந்தபோது, மலேசியக் கொடி ஏற்றி நம் கடற்படையின் பெரிய கப்பலாக ஆனது. பின்னாளில் பயிற்சிக் கப்பல். 1977-இல் உடைக்கப் போனது.

பெயரை வாங்கிக்கொண்ட இரண்டாவது கப்பலின் வரலாறுதான் விசித்திரம்.

கானாவின் அதிபர் குவாமே என்க்ருமா 1960களின் நடுவில் கிளாஸ்கோவில், கிளைட் ஆற்றங்கரையிலுள்ள 'யாரோ' (Yarrow) என்ற பெயர்கொண்ட பட்டறையிடம் ஒரு பிரிகேட் கேட்டார். போருக்கும் ஆகவேண்டும், அதிபர் பயணிக்கும் அரச படகாகவும் ஆகவேண்டும். உள்ளே வரவேற்பு அறை, தங்கும் அறை எல்லாம் உண்டு. பெயர் 'பிளாக் ஸ்டார்' என்று திட்டம். 1966 பிப்ரவரி 24-இல் ராணுவம் அவரைக் கவிழ்த்தது. புதிய அரசு கப்பல் வேண்டாம் என்றுவிட்டது. பாதி கட்டிய கப்பலைப் பட்டறை எத்தனை நாள் சறுக்குமேடையில் வைத்திருக்கும்? அதே ஆண்டு டிசம்பர் 29-இல், பெயர் சூட்டும் விழா எதுவும் இல்லாமல், தண்ணீரில் இறக்கினார்கள். 1968-இல் வேலை முடிந்தது. வாங்க ஆள் இல்லை. 1972-இல் பிரிட்டிஷ் கடற்படையே வாங்கி, சாத்தம் கப்பல் தளத்தில் தன் பழக்கத்துக்கு ஏற்ப மாற்றி, 1973 மே மாதம் 'மெர்மெய்ட்' என்ற பெயரில், எஃப்76 என்ற எண்ணோடு பணியில் சேர்த்தது.

ஒரு பழைய கப்பலின் வரலாற்றைப் படிக்கும்போது நான்கு தேதிகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்: அடித்தளம் வைத்தது, தண்ணீரில் இறக்கியது, கட்டி முடித்தது, பணியில் சேர்ந்தது. பெரும்பாலான கப்பல்களில் கடைசி இரண்டுக்கும் இடையே சில வாரங்கள்தான் இருக்கும். மெர்மெய்டுக்கு ஐந்து ஆண்டு. ஓடாத கப்பல் புதிதாகவே இருக்கும் என்று நினைப்பது தவறு. கப்பல் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம்.

நிற்கிற கப்பலில் என்னென்ன கெடும்? டீசல் சிலிண்டருக்குள் ஈரக்காற்று புகுந்து பிஸ்டன் ரிங், சிலிண்டரின் உள்ளுறையான லைனரோடு ஒட்டிக்கொள்ளும். புரொப்பெல்லர் தண்டு ஒரே நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் பேரிங்கில் ஒரே இடம் பாரம் தாங்கி, எண்ணெய்ப் படலம் வழிந்துபோய், அங்கே தழும்பு விழும். அதற்காகத்தான் நிறுத்தி வைத்த கப்பலில் தண்டைத் தினமும் ஒன்றேகால் சுற்று திருப்புகிற வழக்கம். முழுச் சுற்று திருப்பினால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். அந்தக் கால் சுற்றில்தான் சூட்சுமம். ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும். மின்கம்பி உறைக்குள் ஈரம் இறங்கும். கப்பலை இறுக மூடி, உள்ளே ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்தால் இரும்பு துருப்பிடிப்பது ஏறக்குறைய நின்றுவிடும். பினாங்கில் சாதாரண நாளிலேயே ஈரப்பதம் 80-ஐத் தொடுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இங்கே ஒரு கப்பலைச் சும்மா கட்டிவைப்பது எவ்வளவு ஆபத்து என்று புரியும்.

இனி இயந்திர அறை. இந்தக் கப்பலின் ஆயுளுக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. நீளம் 103 மீட்டர், முழுப் பாரத்தில் சுமார் 2,500 டன். உடல் அமைப்பு பிரிட்டிஷ் டைப் 41, டைப் 61 பிரிகேட்களின் வழியில் வந்தது. தள்ளுவது எட்டு டீசல் இயந்திரங்கள், தண்டுக்கு நான்கு, கியர்பாக்ஸ் வழியாக. ஒவ்வொன்றும் பதினாறு சிலிண்டர் கொண்ட வி வடிவம். ஆக 128 சிலிண்டர். சிலிண்டரின் விட்டம் ஒன்பதே முக்கால் அங்குலம், பிஸ்டன் ஓட்டம் பத்தரை அங்குலம். உச்ச வேகம் 24 நாட். 15 நாட்டில் போனால் 4,800 கடல் மைல் போகும்.

128 சிலிண்டர் என்றதும் மெக்கானிக் யாருக்கும் தலை சுற்றும். இத்தனை இன்ஜெக்டர், இத்தனை வால்வு, இத்தனை ஹெட் கேஸ்கெட்! தலைவலிதான், ஆனால் அதற்குள்ளேயே வசதியும் இருக்கிறது. கப்பலுக்குத் தேவையான சக்தி, தோராயமாக, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 24 நாட் வேகத்துக்கு எட்டு இயந்திரம் என்றால், 19 நாட் வேகத்துக்கு நான்கு போதும், 15-க்கு இரண்டு, 12-க்கு ஒன்றின் சக்தியே போதும். ரோந்துக் கப்பல் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை 12-க்கும் 15-க்கும் இடையில்தான் கழிக்கிறது. ஆகவே தண்டுக்கு ஒன்றாக இரண்டை ஓட்டிக்கொண்டு, மற்ற ஆறில் ஒன்றைக் கடலிலேயே பிரித்து வேலை பார்க்கலாம். ஓட்ட மணிநேரத்தை எட்டுக்கும் பங்கிட்டு வைக்கலாம். நீராவிக் கப்பலில் பாய்லர் குழாய் ஒன்று ஒழுகினால் பாதிச் சக்தி போய்விடும், குளிரவைத்து உள்ளே இறங்கவே ஒரு நாள் ஆகும்.

இதில் செய்யக்கூடாத தவறு ஒன்று உண்டு. பாதுகாப்பு என்று நினைத்து எட்டையும் ஓட்டிக்கொண்டு மெதுவாகப் போவது. டீசலுக்குப் பாரம் வேண்டும். 30 விழுக்காட்டுக்கும் குறைவான பாரத்தில் மணிக்கணக்கில் ஓடினால் சிலிண்டர் போதிய சூடு ஏறாது, டீசல் முழுதும் எரியாது, கரி படியும். லைனரின் உள்சுவரில் எண்ணெய் தங்குவதற்காகக் கீறிவைத்த நுண்கோடுகள் கண்ணாடி போல வழவழப்பாகிவிடும். பிறகு ரிங் எண்ணெயை வழித்தெடுக்காது, எண்ணெய் செலவு ஏறும், புகைபோக்கியில் நீலப்புகை. ஒருமுறை அப்படி ஆகிவிட்டால் பிஸ்டனைக் கழற்றி லைனரை மறுபடி ஹோன் செய்வதை, அதாவது அந்த நுண்கோடுகளைக் கீறுவதைத் தவிர வழியில்லை. பெர்லிஸ் லாரியானாலும் போர்க்கப்பலானாலும் டீசலின் குணம் ஒன்றே.

இந்த இயந்திரத்துக்கு இன்னொரு பலம், அது தனிப்பிறவி அல்ல. பிரிட்டிஷ் கடற்படையின் பொது வரிசை இயந்திரம். அதே குடும்பம் போர்பொய்ஸ், ஒபெரான் வகை நீர்மூழ்கிகளிலும் இருந்தது. ஒபெரான் நீர்மூழ்கிகளை பிரிட்டனோடு ஆஸ்திரேலியா, கனடா, பிரேசில், சிலி ஆகியவையும் வைத்திருந்தன. கப்பலின் உடல் உலகிலேயே ஒன்றுதான். ஆனால் அதன் இதயத்தை அறிந்த கைகள் பல நாடுகளில் இருந்தன. செகண்ட் ஹேண்ட் கப்பல் வாங்குபவர் முதலில் கேட்கவேண்டியது கப்பலின் வயதை அல்ல, இதே இயந்திரம் இன்னும் எத்தனை இடத்தில் ஓடுகிறது என்பதைத்தான்.

மெர்மெய்டாக இருந்தது நான்கே ஆண்டு. 1976-இல் ஐஸ்லாந்தோடு நடந்த மீன்பிடித் தகராறில் அதுவும் பங்கெடுத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 20-இல் நடந்ததை இந்தக் கப்பலைப் பற்றி எழுதும் எவரும் தாண்டிப் போகக்கூடாது. வட கடலில், டச்சுக் கரையோரம் டெக்ஸல் தீவுக்கு வடக்கே, கூட்டுப் பயிற்சி முடிந்து கப்பல்கள் ஹம்பர்க் போய்க்கொண்டிருந்தன. ஃபிட்டில்டன் என்ற, கடல் கண்ணிவெடிகளை அகற்றுகிற சிறிய கண்ணிவாரிக் கப்பல், மர உடல், 46 மீட்டர் நீளம், தபால் பை கைமாற்ற மெர்மெய்டின் பக்கத்தில் வந்தது. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வேறு வேலைகளில் இருந்துகொண்டு பகுதிநேரமாகச் சேவை செய்த தன்னார்வ மாலுமிகள். பக்கவாட்டில் வந்த சிறிய கப்பல் பெரிய கப்பலின் அணியத்துக்கு (முன்பக்கத்துக்கு) கீழ் இழுபட்டு, மோதிக் கவிழ்ந்தது. 12 பேர் இறந்தார்கள்.

ஏன் இழுபட்டது? ஓடுகிற கப்பல் தண்ணீரைத் தள்ளுகிறது. அணியத்தின் மூக்கில் அழுத்தம் கூடுகிறது, அது பக்கத்தில் வருகிறதை வெளியே தள்ளும். அதற்குச் சற்றுப் பின்னால், தோள் தொடங்கி நடுப்பகுதி வரை தண்ணீர் வேகமாக ஓடுவதால் அழுத்தம் குறைகிறது, அது உள்ளே இழுக்கும். அமரத்தில், அதாவது பின்பக்கத்தில், மறுபடி தள்ளல். சிறிய கப்பல் பின்னாலிருந்து முன்னேறி வரும்போது இந்த மூன்று மண்டலத்தையும் ஒவ்வொன்றாகக் கடக்கிறது. நடுவில் இழுப்பைத் தாங்கச் சுக்கானை வெளிப்பக்கம் பிடித்திருப்பார்கள். கொஞ்சம் முன்னே போனதும் விசையின் திசையே மாறி, சிறிய கப்பலின் அமரம் வெளியே தள்ளப்பட்டு, மூக்கு பெரிய கப்பலின் பாதைக்குள் திரும்பிவிடும். சுக்கான் அப்போது கேட்காது. பெரிய கப்பலுக்கு நிற்க நேரமும் இல்லை. பினாங்குக் கால்வாயில் பட்டர்வொர்த் கொள்கலன் துறைக்குப் போகும் கப்பலின் பக்கத்தில் சம்பான் ஓட்டுகிறவர் மூக்குப் பக்கம் போகாமல் ஒதுங்குவது இதே காரணத்துக்காகத்தான்.

கடலில் பொருள் கைமாற்றுவதற்கு ஒழுங்கு இருக்கிறது. பெரிய கப்பல் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் வழிகாட்டியாகப் போகும். நெருங்கும் கப்பல் பின்பக்க மூலையிலிருந்து, இடைவெளி விட்டு, மெல்ல முன்னேறிப் பக்கவாட்டில் நிற்கும். இரண்டுக்கும் நடுவே தூரக்கயிறு ஒன்று பிடித்திருப்பார்கள். அதில் 20 அடிக்கு ஒரு நிறக்கொடி: தொடக்கத்தில் பச்சை, 20-இல் சிவப்பு, 40-இல் மஞ்சள், 60-இல் நீலம், 80-இல் வெள்ளை, 100-இல் மறுபடி பச்சை. சுக்கான் கட்டளை கொடுப்பவர் அலையை நம்பமாட்டார், கொடியைப் பார்ப்பார். நீலம் தளர்ந்து மஞ்சள் வரைக்கும் வந்தால் வெளியே ஒரு டிகிரி, இரண்டு டிகிரி. அதற்கு மேல் கிடையாது. வேலை முடிந்து பிரியும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திசையை வெளியே திறந்துகொண்டே போகவேண்டும். முன்னால் வெட்டிப் போவது ஒருக்காலும் கூடாது.

1977-இல் மெர்மெய்ட் மலேசியாவுக்கு வந்தது. பிரிட்டனுக்கு அது ஒட்டாத பிள்ளை. அதன் வகையில் இன்னொன்று கிடையாது, அதற்கென்றே ஆள் பயிற்றவேண்டும், அதற்கென்றே சாமான் அடுக்கவேண்டும். ஐம்பது அறுபது கப்பல் வைத்திருப்பவருக்கு இது தொல்லை. நமக்கு எப்படியும் பெரிய கப்பல் ஒன்றிரண்டுதான், இருப்பதெல்லாமே தனிப்பிறவி. மற்றொரு பிரிகேட்டான கே.டி. ரஹ்மத், முதலில் ஹங் ஜெபாட் என்று பெயர் பெற்றது, அதே 'யாரோ' பட்டறையில் நமக்கென்றே கட்டிய கப்பல். கேஸ் டர்பைனும் டீசலும் கலந்து, ஏவுகணையும் வைத்த நவீனக் கப்பல். அந்த நவீனம்தான் வயதாகும்போது பாரமாகிறது. ஏவுகணைக்குக் காலாவதி உண்டு, கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு உதிரி கிடைக்காது. ஹங் துவாவிடம் காலாவதியாகப் பெரிதாக ஒன்றும் இல்லை. முன்தளத்தில் இரட்டைக் குழல் 4 அங்குலப் பீரங்கி, சில 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ், ஸ்க்விட்டின் வாரிசான லிம்போ மார்ட்டர். வாங்கும்போதே அது பழைய தலைமுறை ஆயுதம். என் கருத்தில் அதன் எளிமையே அதைக் காப்பாற்றியது.

அந்த 4 அங்குலப் பீரங்கியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். தோட்டாவும் மருந்துக் குப்பியும் ஒரே துண்டு, எடை ஏறக்குறைய 29 கிலோ, நீளம் ஒரு மீட்டரைத் தாண்டும். கையால் தூக்கித்தான் ஏற்றவேண்டும். பத்துக் கிலோ அரிசி மூட்டை மூன்றை ஒன்றாகக் கட்டி, ஆடுகிற தளத்தில் நின்று, குழலுக்கு நிமிடத்துக்குப் பன்னிரண்டு தடவை ஏற்றுவது போல. அதனால்தான் அது பயிற்சிக்கு நல்ல பீரங்கி: கூட்டாக வேலை செய்யாத குழு முதல் நிமிடத்திலேயே அம்பலமாகிவிடும். 1990களில் அது போய் 57 மில்லிமீட்டர் போஃபர்ஸ் வந்தது; அதற்கு நிமிடத்துக்கு 200 தோட்டா, எல்லாம் தானியங்கி.

வெப்பமண்டலக் கடல் அதற்குத் தனிச் சோதனை. வட கடலில் 10 முதல் 15 டிகிரித் தண்ணீரை எண்ணிச் செய்த குளிர்விப்பான், மலாக்கா நீரிணையில் 30 டிகிரித் தண்ணீரை வாங்குகிறது. அதே இயந்திரத்திலிருந்து அதே சக்தி எடுத்தால் எண்ணெய்ச் சூடு ஏறும்; பாரத்தைக் குறைக்கவேண்டும், இல்லை குளிர்விப்பானை அடிக்கடி திறந்து குழாய்களைத் தேய்க்கவேண்டும். ஜெல்லிமீன் கூட்டம் வரும் நாளில் கடல்நீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் சட்டென்று அடைக்கும். இரட்டை ஸ்ட்ரெய்னர் வைத்து ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிக் கழுவுகிற ஆள் பக்கத்திலேயே நிற்கவேண்டும். கப்பலடியில் ஒட்டி வளரும் கொட்டலசு குளிர்நாட்டைவிட வேகமாக ஏறும். வேகம் குறையும், டீசல் கூடும். வெண்கலப் புரொப்பெல்லரும் இரும்பு உடலும் உப்புத்தண்ணீரில் பேட்டரி போல வேலை செய்வதால் உடலுக்குப் பதில் கரைவதற்காகப் பொருத்திய துத்தநாகக் கட்டிகள் கரைந்துபோகிற கணக்கைத் தவறவிட்டால், அடுத்துக் கரைவது உடல்தான். டாக்கில் ஏற்றும்போதெல்லாம் தகட்டின் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் புள்ளி புள்ளியாக அளந்து, முதல் தடிமனில் 20 முதல் 25 விழுக்காடு போன இடத்தை வெட்டி மாற்றுவது பொது விதி. பார்க்கவேண்டிய இடம் வெளிச்சுவரல்ல. குளியலறைக்குக் கீழே, சமையற்கட்டுத் தரைக்குக் கீழே, அடித்தண்ணீர் தேங்கும் பில்ஜ் மூலை, சங்கிலி அறை: ஈரம் தங்கி, பெயின்ட் தூரிகை போகாத இடங்கள்.

1990களில் 'யாரோ' பட்டறையிலேயே கட்டிய புதிய பிரிகேட்களான ஜெபாட், லெக்கியு இரண்டும் 1999-இல் பணிக்கு வந்தபோது, ஹங் துவா ஏற்கெனவே பயிற்சிக் கப்பலாகியிருந்தது. ஒரு கப்பலுக்கு அதைவிட நல்ல பின்னாள் கிடையாது. எட்டு இயந்திரம் இருக்கிற இடத்தில் இளைஞன் ஒரே கடற்பயணத்தில் ஸ்டார்ட் செய்ய, நிறுத்த, பாரம் மாற்ற, பிரிக்க எல்லாவற்றையும் கையால் பழகிவிடலாம். கானாவுக்கென்று செய்து, பிரிட்டனில் நான்கு ஆண்டு ஓடிய கப்பல் நம்மிடம் நாற்பது ஆண்டு இருந்தது.

பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் சில தமிழ் வீடுகளில், கடற்படையில் இருந்த தாத்தா, பெரியப்பா, மாமா ஆகியோரின் படம் சுவரில் தொங்குகிறது. தொப்பிப் பட்டையில் கப்பல் பெயர் ஹங் துவா. எந்த ஹங் துவா என்று பார்க்க வழி இருக்கிறது. படம் 1977-க்கு முந்தியதென்றால் அது நீராவி இயந்திரம் கொண்ட பழைய லோக் இன்ஷ். அவர் பாய்லர் பக்கம் இருந்தவரென்றாலும் அதுவேதான், இரண்டாவதைத் தள்ளியது டீசல். பின்னணியில் கப்பலின் பக்கச்சுவரில் 76 என்ற எண் தெரிந்தால் இரண்டாவது. முன்தளப் பீரங்கியில் இரண்டு குழல் நீட்டிக்கொண்டிருந்தால் 57 மில்லிமீட்டர் வருவதற்கு முன் எடுத்த படம். உருண்டை மூடிக்குள் ஒற்றைக் குழல் என்றால் அதற்குப் பின். படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துப் பின்பக்கமும் பாருங்கள். தேதியும் துறைமுகமும் அங்கே பென்சிலில் எழுதியிருக்கலாம்.